அம்மா எங்கே இருப்பது நல்லது: சொந்த வீடா, கட்டண இல்லமா, அரச இல்லமா?

எண்பதை நெருங்கும் பெற்றோர் தனியே இருக்கும் வீடு யாழ்ப்பாணத்தில் இப்போது ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. மூத்த பிள்ளை ரொறன்ரோவில், அடுத்தது லண்டனில், கடைசி கொழும்பில். போன வருடம் வரை எப்படியோ சமாளித்து வந்திருப்பார்கள். பிறகு ஒருநாள் அம்மா குளியலறையில் விழுகிறார். அல்லது அடுப்பை நூர்க்க மறந்து சட்டி கருகுகிறது. அல்லது இன்சுலின் போட்டதை மறந்து இன்னொரு தரம் போட்டுக்கொள்கிறார். அன்றிரவே குடும்ப வட்ஸ்அப் குழுவில் கதை தொடங்கிவிடும்: ஆள் வைத்துப் பார்ப்பதா, இல்லத்தில் விடுவதா?

அந்தக் கதை பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றி வரும். ஊர் என்ன சொல்லும்? மாதம் எவ்வளவு செலவாகும்? இரண்டும் கேட்கவேண்டியவைதான். ஆனால் அம்மா அங்கே பத்திரமாக இருப்பாரா, மனம் விட்டுச் சிரிப்பாரா என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரருக்காக இல்லங்களைப் போய்ப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் பல தடவை வந்திருக்கிறது. எந்த இடத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் இப்போது இரண்டு நேரங்களைத்தான் முதலில் யோசிப்பேன். இரவு 2 மணிக்கு அங்கே என்ன நடக்கும்? பின்னேரம் 3 மணிக்கு என்ன நடக்கும்? முதலாவது பாதுகாப்பைக் காட்டும். மற்றது அங்கே வாழ்க்கை எப்படி என்று காட்டும். காலை 10 மணிக்குச் சொல்லிவிட்டுப் போனால் எல்லா இடமும் துப்புரவாகத்தான் இருக்கும்.

எங்கள் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. சொந்த வீட்டிலேயே சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்ப்பது ஒன்று. மாதக் கட்டணம் கட்டி ஒரு இல்லத்தில் விடுவது இன்னொன்று. அதைக் கன்னியாஸ்திரிகளோ, ஒரு அறக்கட்டளையோ, தனியாரோ நடத்தலாம். மூன்றாவது கைதடியில் உள்ள அரச முதியோர் இல்லம்.

பிள்ளையிடமே கூட்டிக்கொண்டு போவதையும் சிலர் சொல்வார்கள். கனடாவின் சூப்பர் விசாவில் 2022 முதல் பெற்றோர் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். அதற்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டொலர் பெறுமதியான தனியார் மருத்துவக் காப்புறுதி வேண்டும். எண்பது வயதில் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவருக்கு அந்தக் காப்புறுதி கிடைப்பதும் லேசில்லை, கிடைத்தாலும் ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்குப் பல நிபந்தனைகள் போடுவார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபிறகு பனிக்காலத்தில் பூட்டிய அப்பார்ட்மென்டில் நாள் முழுக்கத் தனியே இருக்கவும் வேண்டும். உடம்பு நன்றாக உள்ளவர் போய் இருந்து வரட்டும். ஆள் துணை தேவைப்படும் ஒருவருக்கு அதை நான் ஒரு வழியாக எண்ணுவதில்லை.

இரவு 2 மணி

நான் கேள்விப்பட்டதில் அதிகமான முதியவர்கள் விழுந்தது கட்டிலுக்கும் மலசலகூடத்துக்கும் இடையில்தான். பிரஷர் குளிசை, சலம் போவதற்கான குளிசை, நித்திரைக் குளிசை எல்லாம் சேர்ந்தால் எழும்பி நின்றவுடன் தலை சுற்றும். பல மருந்துகளை ஒன்றாக எடுப்பவர் விழும் சாத்தியம் கூட என்பது வைத்தியத்தில் நன்றாக அறியப்பட்ட விடயம். அதனால் எந்த வழியைத் தெரிவு செய்தாலும், கிளினிக் வைத்தியரிடம் கொப்பியைக் காட்டி "இதில் எதைக் குறைக்கலாம்?" என்று ஒருமுறை கேளுங்கள். வெவ்வேறு கிளினிக்குகளில் எழுதிய மருந்தை எல்லாம் ஒருவரே ஒன்றாக வைத்துப் பார்ப்பது எங்கள் ஊரில் குறைவு.

எங்கள் பழைய வீடுகளில் கக்கூஸ் வளவின் மூலையில், கிணற்றுக்குத் தூரத்தில் இருக்கும். அது காரணத்தோடுதான் கட்டப்பட்டது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் குழிக் கழிவு கிணற்றுத் தண்ணீருக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது. எண்பது வயதில், கார்த்திகை மழையில், ரோச் லைற்றோடு அங்கே நடப்பது வேறு கதை. பிள்ளைகள் காசு அனுப்பிக் கட்டுவித்த உள் குளியலறை நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் மினுங்கும் ரைல்ஸ் பதித்திருப்பார்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் சிந்தினால் போதும். கட்டிலோடு ஒரு கொமட் கதிரை, சுவரில் திருகாணி போட்டு இறுக்கிய கைபிடி, விடியும் வரை எரியும் ஒரு சின்ன பல்ப், சொரசொரப்பான தரை, இவ்வளவும் செய்யப் பெரிய செலவு வராது. துவாய் போடும் கம்பியைக் கைபிடி என்று காட்டுபவர்களை நம்பவேண்டாம். பாரம் தாங்காமல் அது கையோடு கழன்று வரும்.

சொந்த வீட்டு வழியின் பெரிய ஓட்டை இரவில்தான் தெரியும். ஒரு ஆளை வைக்கிறோம். அவர் காலையில் தேத்தண்ணி வைத்து, சமைத்து, குளிக்க வார்த்து, உடுப்புத் தோய்த்து, பின்னேரம் காலுக்கு எண்ணெய் தடவி விடுகிறார். அதே ஆள் இரவில் நாலு தரம் எழும்ப வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். எந்த மனிதராலும் அது முடியாது. கொஞ்ச மாதத்தில் ஒன்றில் அவர் வேலையை விட்டுப் போவார், இல்லாவிட்டால் கூப்பிட்டது கேட்காதது போலப் படுத்திருப்பார். இரண்டாவதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரவில் அடிக்கடி எழும்பும் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மாறி ஒருவர். தைப்பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் அவர்கள் வன்னிக்கோ மலையகத்துக்கோ தங்கள் வீட்டுக்குப் போகும்போது மூன்றாவதாக ஒருவர் வேண்டும். இப்படிக் கணக்குப் பார்த்தபிறகு இல்லத்தின் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு ஆளின் சம்பளத்தை வைத்து "வீடுதான் மலிவு" என்று முடிவெடுத்தால் அது பொய்க் கணக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவைப் பராமரிக்க வருபவருக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, நிலத்தில் பாய் என்று வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படி நடத்தப்படும் ஒருவர் இரவில் ஓடி வருவார் என்று எதிர்பார்க்க உங்களுக்கு என்ன உரிமை? அவருக்கு ஒரு அறை, கிழமையில் ஒருநாள் லீவு, சரியான சம்பளம், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு: அம்மாவின் பாதுகாப்பில் பாதி இதில் இருக்கிறது. இதே காரணத்துக்காக, சேர்க்கும்போது சாதி விசாரிக்கிற இல்லத்தையும் நான் உடனே தள்ளிவிடுவேன். மனிதரைத் தரம் பிரித்துப் பார்க்கும் இடம் நாளைக்கு நடக்க முடியாதவரையும் தரம் பிரிக்கும்.

இனிக் கட்டண இல்லம். அங்கே "இரவில் எத்தனை பேர் தங்குவார்கள்?" என்று கேட்டால் நல்ல இலக்கமாகச் சொல்வார்கள். "எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். கட்டிலில் இருந்தே அடிக்க மணி இருக்கிறதா, அது எங்கே கேட்கும், இரவில் எத்தனை தரம் சுற்றி வந்து பார்ப்பார்கள், அதைக் கொப்பியில் எழுதுகிறார்களா என்றும் கேளுங்கள். படுத்த படுக்கையில் உள்ளவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். அப்படிச் செய்யாவிட்டால் குதிக்காலிலும் முள்ளந்தண்டின் அடியிலும் புண் வரும், வந்தால் மாறுவது கடினம்.

சுற்றி வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பாரிசவாதம் வந்தால், மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கடைசியாக நன்றாக இருந்ததை எத்தனை மணிக்கு யார் பார்த்தார் என்று வைத்தியர் கேட்பார். இரவு 8 மணிக்குப் படுத்தவரைக் காலை 6 மணிக்குத்தான் பார்த்தோம் என்றால் அந்த ஊசிக்கான நேரம் போய்விட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு போன் அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும், யாழ்ப்பாணத்தில் 2018 முதல் அந்தச் சேவை இருக்கிறது. வந்த அம்புலன்ஸ் கேற்றுக்கு வெளியில் நிற்க, திறப்பு யாரிடம் என்று தேடக்கூடாது. கேற் திறப்பு இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் நான் கேட்பேன்.

நேர்மையான இல்லத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. "கடைசியாக இங்கே யார் விழுந்தார்கள், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்?" பெயர் வேண்டாம், நடந்தது மட்டும் போதும். "எங்களிடம் ஒருவரும் விழுந்ததில்லை" என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை குறையும். எண்பது வயதுக்காரர் பலர் நடமாடும் இடத்தில் யாரும் விழாமல் இருக்க முடியாது. ஒன்றில் எழுதி வைப்பதில்லை, அல்லது நடக்கவே விடுவதில்லை.

பின்னேரம் 3 மணி

நடக்கவே விடாத இடத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கும் அந்தப் பொழுதில் ஒரு இல்லத்துக்குள் போய்ப் பாருங்கள். சுவரோரம் வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள், எல்லோரும் இருத்தப்பட்டிருக்கிறார்கள், ரிவியில் யாரும் பார்க்காத நாடகம். யாராவது எழும்பினால் "இருங்கோ அம்மா, விழுந்திடுவியள்" என்று ஒரு குரல் வரும். அன்பான குரலாகவும் இருக்கலாம். நாள் முழுக்க இருத்தி வைக்கப்பட்டவரின் கால் தசை சில கிழமைகளிலேயே மெலிந்துவிடும். அதன்பிறகு அவர் எழும்பினால் உண்மையாகவே விழுவார். விழுவார் என்று நடக்க விடாமல் வைத்தே ஒருவரை விழ வைப்பது இப்படித்தான். கதிரையோடு துணியால் கட்டுவதும், "அமைதியாக இருக்க" நித்திரைக் குளிசை கொடுப்பதும் இதன் அடுத்த படிகள். இரண்டையும் பற்றி நேராகக் கேளுங்கள். நித்திரைக் குளிசை என்றால் எந்த வைத்தியர், எப்போது எழுதினார் என்று கொப்பியில் காட்டச் சொல்லுங்கள்.

நான் பார்த்த ஒரு சின்ன இல்லத்தில் கட்டடம் பழையது, ஓடு மாற்ற வேண்டிய நிலை. விறாந்தையில் மூன்று ஆச்சிமார் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முருங்கை இலை ஆய்ந்தார். இன்னொருவர் சும்மா இருந்து அவர்களுக்கு விமர்சனம் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை வாங்குகிறார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. வேண்டாம் என்றவரை யாரும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு குசினியை ஆண்டவருக்கு, தன் கை இன்னும் ஒருவருக்குத் தேவை என்ற எண்ணம் மருந்துக்குச் சமம். அதே மாதத்தில் பார்த்த இன்னொரு இடத்தில் ரைல்ஸ், சிசிரிவி, ஏசி அறை எல்லாம் இருந்தன. கத்தி, அடுப்பு, கிணறு எதற்கும் பக்கத்தில் போகக்கூடாது என்று விதி. அங்கே இருந்தவர்களின் முகத்தில் நேரம் போகாத அலுப்பு மட்டும்தான் இருந்தது. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்றால் எனக்கு யோசிக்கத் தேவையில்லை.

சொந்த வீடு இந்த நேரத்தில் நன்றாக நிமிர்ந்து நிற்கும். அவர் வைத்த மாமரம், அவர் கையால் கோலம் போட்ட முற்றம், கோயில் மணிச்சத்தம், வேலிக்கு மேலால் "என்ன மாமி, இன்றைக்கு என்ன கறி?" என்று கேட்கும் அயலட்டை. எந்த இல்லமும் இதைக் கொடுக்காது. ஆனால் இப்போது அந்த ஒழுங்கையில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்து வீடு பூட்டு, முன் வீட்டில் வாடகைக்கு வந்தவர்கள் காலையில் போய் இரவில் வருவார்கள். அப்படியானால் சொந்த வீடும் மதில் கட்டிய தனிமைதான். ஒரு நாளில் அம்மாவோடு எத்தனை பேர் உட்கார்ந்து கதைக்கிறார்கள்? ஒரு கிழமைக்கு இதைக் குறித்து வைத்தால் வீடா இல்லமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். நடக்கக்கூடியவர் என்றால் ஊர் முதியோர் சங்கக் கூட்டத்துக்குக் கூட்டிப்போக ஒரு ஓட்டோ ஒழுங்கு செய்வதே பெரிய மாற்றத்தைத் தரும்.

இல்லம் என்றால், சின்னச் சின்ன விடயத்தில் அவருடைய விருப்பம் செல்லுமா என்று பாருங்கள். காலை 4 மணிக்குக் குளிப்பாட்டுவது வேலை செய்பவர்களின் வசதிக்காகவா? மார்கழியில் சுடுதண்ணி உண்டா? பெண்களைக் குளிக்க வார்ப்பது பெண்கள்தானா, கதவு சாத்தப்படுமா? வெள்ளிக்கிழமை மரக்கறி கிடைக்குமா, கந்தசஷ்டி விரதம் பிடிப்பவரை என்ன செய்வார்கள்? சீனி வருத்தக்காரர் விரதம் பிடித்தால் மருந்தை மாற்ற வைத்தியரைக் கேட்பார்களா? நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கிறது. அதில் சனம் குறைந்த ஒரு நாள் விடியப்புறத்தில் சக்கர நாற்காலியில் ஒருமுறை கூட்டிப் போவார்களா? கிறிஸ்தவ இல்லத்தில் சைவக்காரர் திருநீறு பூசலாமா, சைவ இல்லத்தில் கத்தோலிக்க ஐயா ஞாயிறு பூசைக்குப் போகலாமா? எனக்குத் தெரிந்த கன்னியாஸ்திரிகள் நடத்தும் இடங்களில் இதில் பெரிய பிரச்சினை வந்ததாகக் கேள்விப்படவில்லை, ஆனாலும் சேர்க்கும் முன்பே கேட்டு விடுவது இரு தரப்புக்கும் நல்லது.

கண்ணும் மூக்கும் சொல்பவை

உள்ளே நுழைந்ததும் சல நாற்றம் வந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரு மூலையில் வந்தால் இப்போதுதான் யாருக்கோ நேர்ந்திருக்கும். விறாந்தை முழுக்க ஊறிப்போன நாற்றம் என்றால் பம்பர்ஸ் மாற்றும் இடைவெளி நீளம். நகம், காது, கண்ணாடி, பல்செட் ஆகியவற்றைப் பாருங்கள். அழுக்குக் கண்ணாடியோடு ஒருவர் பேப்பர் வாசிக்க முயன்றுகொண்டிருந்தால் அங்கே யாரும் அவரைக் கவனித்துப் பார்ப்பதில்லை. சீனி வருத்தக்காரரின் பாதத்தை தினமும் யார் பார்க்கிறார்கள்? உணர்ச்சி குறைந்த காலில் ஒரு கல் குத்தினாலும் தெரியாது.

சாப்பாட்டில் ருசியைவிட நேரத்தைப் பாருங்கள். பகல் வேலையாட்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று பின்னேரம் 5.30க்கு இரவுச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, காலை 8 மணிக்குத்தான் அடுத்தது என்றால் பதினாலரை மணித்தியாலம் வெறும் வயிறு. இன்சுலின் போடுபவருக்கு இது உயிரோடு விளையாட்டு. பலருக்கும் கொடுக்கும் கலப்பு இன்சுலின் வகையைச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய அரை மணித்தியாலம் முன் போடுவார்கள். ஊசி போட்டாயிற்று, சோறு இன்னும் வேகவில்லை என்றால் சீனி இறங்கி மயங்கிவிடுவார். இன்சுலினை 2 முதல் 8 பாகை குளிரில் வைக்க வேண்டும், எங்கள் சித்திரை வெயிலில் மேசையில் கிடந்தால் வீரியம் போய்விடும். கரண்ட் நின்றால் பிரிட்ஜுக்கு என்ன ஏற்பாடு? மோட்டர் ஓடாமல் தாங்கியில் தண்ணீர் முடிந்தால் என்ன ஏற்பாடு?

பாரிசவாதம் வந்து விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு உலர்ந்த புட்டு தொண்டையில் நிற்கும். சொதி ஊற்றிப் பிசைந்து, நிமிர்த்தி இருத்தி, அவசரப்படாமல் ஊட்ட வேண்டும். ஒரு மத்தியானம் ஊட்டுவதை நின்று பார்த்தால் அந்த இல்லத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்காது. மாதாமாதம் நிறை எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். முயற்சி செய்யாமலே ஒரு மாதத்தில் 5 சதவீதம், அதாவது 50 கிலோ உள்ளவருக்கு இரண்டரைக் கிலோ குறைந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டிய விடயம். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு தராசு வாங்கி வையுங்கள்.

மழைக்கு நுளம்பு வலை, மதில் தாழ்ந்த கிணற்றுக்கு மூடி. மறதி வருத்தம் உள்ளவர் என்றால் வீதியும் தண்டவாளமும் எவ்வளவு கிட்ட என்று பாருங்கள். 2015 இல் காங்கேசன்துறை வரை ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் பக்கம் வீடுகளுக்குப் பின்னாலேயே பாதை போகிறது.

வாட்டில் நிற்க யார்?

இல்லங்களை ஒப்பிடும்போது எல்லோரும் கேட்க மறக்கும் ஒரு கேள்வி இது. அம்மாவுக்குச் சளி நெஞ்சில் கட்டி யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ பருத்தித்துறையிலோ அனுமதித்தால், வாட்டில் தாதிமார் எல்லோரையும் ஊட்டி, குளிப்பாட்டிக்கொண்டிருக்க முடியாது. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இல்லம் ஆள் அனுப்புமா, அதற்குத் தனிக் காசா, அல்லது "நீங்கள் ஒழுங்கு செய்யுங்கோ" என்று விடுவார்களா? மாதாந்தக் கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவார்கள், விடியப்புறம் வரிசையில் யார் நிற்பார்கள்? இந்தப் பதிலில்தான் குறைந்த கட்டணமும் கூடிய கட்டணமும் சிலவேளை இடம் மாறும்.

அதோடு கேட்கவேண்டிய இன்னொன்று, நடக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்பது. "தன் அலுவலைத் தானே பார்ப்பவர்" என்ற நிபந்தனையில் சேர்க்கும் இல்லங்கள் உண்டு. இரண்டு வருடத்தில் படுக்கையானால் ஒரு மாத அவகாசத்தில் வேறு இடம் தேடவேண்டி வரும். அதைத் தெரிந்துகொண்டு சேர்ப்பது வேறு, அன்றைக்குத்தான் அறிவது வேறு.

காசும் காணி உறுதியும்

கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பம்பர்ஸ், மருந்து, வாகனம் வெளியே நிற்கும் இல்லத்தில் மாத முடிவில் கணக்கு இரட்டிப்பாகலாம். முற்பணம் கேட்டால், ஒருவர் இறந்தாலோ விலகினாலோ எவ்வளவு திரும்பும் என்பதும் அதே கடதாசியில் இருக்க வேண்டும்.

காணியையும் வீட்டையும் எழுதித் தந்தால் கடைசி வரை பார்க்கிறோம் என்று யார் சொன்னாலும், இல்லமோ சொந்தக்காரரோ, அம்மாவைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள். பிள்ளைக்கு வீட்டை எழுதினாலும் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, தன்னிடம் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. உறுதி மாறியபிறகு தன் சொந்த வீட்டில் கேட்டு வாங்கித் தேத்தண்ணி குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் எங்களிடம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது, அவர்களின் தேவையைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. பார்க்காத பிள்ளைகளிடம் இருந்து பராமரிப்புப் பணம் கேட்டு முதியவர் விண்ணப்பிக்க ஒரு சபையும் இருக்கிறது. இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், அதைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர் கோபிக்க மாட்டார். முறைப்பாடு இருந்தால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமும், யாழ்ப்பாணத்தில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திலும் போய்ச் சொல்லலாம்.

கைதடி

அரச இல்லத்தைக் கடைசிப் படி என்று நினைக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது முதலில் யாருக்கானது என்பதை நினைக்க வேண்டும்: பார்க்க ஆளும் வருமானமும் இல்லாதவர்களுக்கு. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாகவே போக வேண்டும். கனடாவில் மூன்று பிள்ளைகள் உழைக்கும் ஒருவர் அங்கே ஒரு கட்டிலை எடுப்பது, உண்மையாகவே யாரும் இல்லாத ஒருவரின் கட்டிலை எடுப்பதாகும். ஆனால் கல்யாணம் கட்டாத சின்னம்மா ஒருவர், சகோதரனின் பேரப்பிள்ளைகள் வீட்டில், பின்னறையில், யாருக்கும் பாரமாக இருக்கிறோமே என்று குறுகிக் கிடக்கிறார் என்றால், கைதடியில் தன் வயதுக்காரரோடு இருப்பது அவருக்குப் பல மடங்கு நல்லது. கட்டணம் பிந்தியது என்று வெளியே விடும் பயமும் அங்கே இல்லை. நான் மேலே எழுதிய கேள்விகள் அங்கும் கேட்கவேண்டியவைதான்; இலவசம் என்பதால் கேட்கும் உரிமை குறைவதில்லை.

யார் போய்ப் பார்ப்பது?

வெளிநாட்டில் இருப்பவர்கள் வட்ஸ்அப் வீடியோவை நம்பி இருக்கிறார்கள். போனைப் பிடித்திருப்பது இல்லத்து ஆள். அம்மா "நல்லா இருக்கிறன் ராசா" என்கிறார். பிள்ளை கவலைப்படக்கூடாது என்று எங்கள் அம்மாமார் எந்த நிலையிலும் அதைத்தான் சொல்வார்கள். அதனால் ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்கள்: அம்மாவை முதலே தெரிந்தவர், பக்கத்தில் இருப்பவர், சொல்லாமல் போகக்கூடியவர். ஒன்றுவிட்ட தங்கையாக இருக்கலாம், ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்கலாம். ஒரு கிழமை காலையில், அடுத்த கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் என்று மாறி மாறிப் போகட்டும். ஓட்டோக் காசையும், மனம் இருந்தால் அதற்கு மேலும் கொடுங்கள். மேல் கையிலோ மணிக்கட்டிலோ கண்டல் காயம் இருந்தால் அவர் கண்ணுக்குத்தான் படும், வீடியோவில் படாது. வழக்கமாகக் கதைப்பவர் வேலையாள் பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்தினால் அதையும் அவர்தான் பிடிப்பார்.

பார்வையாளர் நேரம் கிழமைக்கு ஒருநாள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று சொல்லும் இல்லத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த உறவினர் பத்து நிமிடத்தில் சைக்கிளில் போகக்கூடிய சுமாரான இல்லமும், சாவகச்சேரிக்கு அப்பால் பஸ் மாறிப் போகவேண்டிய நல்ல இல்லமும் இருந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஒருவர் அடிக்கடி வந்து போகும் முதியவரை எந்த இல்லமும் கூடுதல் கவனத்தோடு பார்க்கும். சுமாரான இடமும் அவருக்கு நல்ல இடமாகிவிடும்.

சரி, எது யாருக்கு?

நினைவு தெளிவு, தன் காலில் நடக்கிறார், இரவில் ஒரு தரம்தான் எழும்புவார், அயலில் மனிதர் இருக்கிறார்கள் என்றால் சொந்த வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பதே நல்லது. குளியலறையைத் திருத்தி, கேற்றுக்கும் கதவுக்கும் நல்ல பூட்டுப் போட்டு, நகைகளை வங்கியில் வைத்துவிடுங்கள். முதியவர் தனியே இருக்கும் வீடுகளைக் கள்ளர் நோட்டம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

மறதி வருத்தம் கூடி, இரவு பகல் தெரியாமல் எழும்பி நடக்கிறார் என்றால் ஒரு ஆளால் வீட்டில் பார்க்க முடியாது. இரண்டு ஆளுக்கு வழியிருந்தால் வீடு. இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து பேர் மட்டும் உள்ள, இரவில் விழித்திருக்கும் ஆள் உள்ள சின்ன இல்லம். பெரிய மண்டபத்தில் முகங்கள் மாறிக்கொண்டே இருந்தால் அவருக்குக் குழப்பம் கூடும்.

படுக்கையில் இருப்பவருக்குப் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் நாளில் ஒருமுறையாவது வந்து பார்க்கும் இடம் வேண்டும். வீட்டிலும் அதை ஒழுங்கு செய்யலாம். வைத்தியசாலைக்கான தூரமும் இங்கே முக்கியமாகும். கதை பேச்சு நன்றாக உள்ளவர், ஆனால் தனிமையில் சாப்பிடாமல் மெலிகிறார் என்றால், பிள்ளைகள் எவ்வளவு மறுத்தாலும் இல்லம் அவருக்கு உயிர் கொடுக்கலாம். வீட்டில் தனியே அரைக் கோப்பைச் சோறு சாப்பிட்டவர் நாலு பேரோடு இருந்து இரண்டாம் தரம் கறி கேட்பதை நான் கண்டிருக்கிறேன்.

எந்த முடிவானாலும் அம்மாவிடம் கேட்டு எடுங்கள். மறதி உள்ளவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, அது முகத்தில் தெரியும். கூட்டிக்கொண்டு போய் இரண்டு இடங்களைக் காட்டுங்கள், மத்தியானம் அங்கே சாப்பிடட்டும். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் சேருங்கள். அந்த மாதத்தில் வீட்டை வாடகைக்கு விடவேண்டாம், கட்டிலைக் கழற்றவேண்டாம், நாயை யாருக்கும் கொடுக்கவேண்டாம். முதல் இரண்டு கிழமையும் அழுவார், கோபிப்பார், சிலர் கதைக்கவே மாட்டார்கள். அதை மட்டும் வைத்துத் திரும்பக் கூட்டிவரத் தேவையில்லை, நாலாவது கிழமையில் எப்படி என்று பாருங்கள். நிறை, நித்திரை, யாருடைய பெயரையாவது சொல்லிக் கதைக்கிறாரா என்பவற்றைக் கவனியுங்கள். மாதம் முடியும்போது, இல்லத்து ஆட்களும் இல்லாமல், போனில் பிள்ளைகளும் இல்லாமல், அவருக்குப் பிடித்த ஒருவர் தனியே இருந்து கேட்கட்டும். அதுவரை ஒரு மாதக் கட்டணத்துக்கு மேல் யாரிடமும் கட்டவேண்டாம்.